அதிபரின் கை எதுவரை நீளும்?



அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி இங்கே உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மில் சிலருடைய பிள்ளைகள் அந்த நாட்டுக் குடிமக்களாகி அங்கே வாக்களிக்கிறார்கள். வாக்கே இல்லாத நமக்கும் அந்தத் தேர்தலின் விளைவு வந்து சேர்ந்திருக்கிறது. 1971 டிசம்பரில் வங்கதேசப் போர் உச்சத்தில் இருந்தபோது, எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் ஒரு கடற்படை அணியை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார் அதிபர் நிக்சன். 1968-இல் அவரைத் தேர்ந்தெடுத்த ஓஹியோ விவசாயியும் கலிஃபோர்னியா வியாபாரியும் வங்காள விரிகுடாவை மனத்தில் வைத்தா வாக்களித்தார்கள்?

எனக்குத் தரப்பட்ட தலைப்பு இதுதான்: அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியுறவுக் கொள்கைக்கு எவ்வளவு எடை கொடுப்பது? கருக்கலைப்பு, ஒருபால் திருமணம், இனச் சமத்துவம் போன்ற சமூகப் பிரச்சினைகளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

வாக்காளர்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 2024 நவம்பரில், வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் நடத்திய தேசியக் கருத்துக்கணிப்பில், எந்தப் பிரச்சினை உங்கள் முடிவைத் தீர்மானித்தது என்று கேட்டார்கள். ஜனநாயகத்தின் நிலை என்றவர்கள் 34 விழுக்காடு; பொருளாதாரம் 32; கருக்கலைப்பு 14. வெளியுறவுக் கொள்கை என்றவர்கள் 4 விழுக்காடு. உக்ரைனிலும் காசாவிலும் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இரண்டிலும் அமெரிக்க ஆயுதங்கள் இருந்தன. இருந்தும் நூற்றுக்கு நான்கு பேர்தான்.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. தன் உடலைப் பற்றிய சட்டம், தன் திருமணத்தைப் பற்றிய சட்டம் ஒருவருக்குத் தலைபோகிற விஷயம். அதற்காக வாக்களிப்பவரிடம் போய் உலகத்தைப் பாருங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. என் கேள்வி வேறு. நாம் எந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறோம்? அந்தப் பதவியில் இருப்பவரின் கை எதில் எவ்வளவு தூரம் நீளும்?

சட்டப் புத்தகமும் நடைமுறையும்

அமெரிக்க அரசியல் சாசனத்தின்படி போரை அறிவிக்கும் உரிமை காங்கிரஸுக்கு உரியது. காங்கிரஸ் என்றதும் நம்மூர்க் கட்சி நினைவுக்கு வரும். நான் சொல்வது அவர்களுடைய நாடாளுமன்றத்தை. அதிபர் முப்படைகளின் தலைமைத் தளபதி மட்டுமே. ஆனால் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய மூன்று நாடுகளின் மீது. அதற்குப் பிறகு அமெரிக்கா போர் புரியாமலா இருந்தது? 1950-இல் கொரியாவுக்குப் படை அனுப்பிய அதிபர் ட்ரூமன் காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கவே இல்லை. வியட்நாமுக்கும் ஈராக்குக்கும் தீர்மானங்கள் இருந்தன. அவை போர்ப் பிரகடனங்களாக இல்லை. முடிவை அதிபரிடம் ஒப்படைக்கும் தாள்களாகத்தான் இருந்தன.

வியட்நாமில் கை சுட்டுக்கொண்ட காங்கிரஸ், நிக்சனின் வீட்டோவையும் மீறி 1973-இல் போர் அதிகாரத் தீர்மானம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. படையைக் களமிறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். 2011-இல் லிபியா மீது குண்டுவீச்சு அறுபது நாளைத் தாண்டியது. ஒப்புதல் வாங்கவில்லை. நடப்பது சட்டம் சொல்லும் அர்த்தத்தில் சண்டையே ஆகாது என்று ஒபாமா அரசு வாதாடிவிட்டுத் தொடர்ந்தது. அணு ஆயுதத்துக்கு அந்த அளவு வாதம்கூட வேண்டாம். அதிபர் உத்தரவிட்டால் போதும். இன்னொருவர் கையெழுத்து தேவையில்லை.

சமூகப் பிரச்சினைகளில் நிலைமை நேரெதிர். திருமணச் சட்டம் மாநிலங்களுடையது. பள்ளிக்கூடம் மாநிலத்துக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும் உரியது. கருக்கலைப்பு 2022 முதல் மீண்டும் மாநிலங்களிடம் போய்விட்டது. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டுமென்றால் இரு அவைகளும் சம்மதிக்க வேண்டும். செனட்டில் நடைமுறையில் நூற்றுக்கு அறுபது வாக்கு தேவைப்படும். சாசனத்தையே திருத்த வேண்டுமென்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், ஐம்பதில் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்.

2004: கேட்டதும் கிடைத்ததும்

இந்த வேறுபாடு வாக்காளருக்கு என்ன செய்கிறது என்பதை 2004 தேர்தல் நன்றாகக் காட்டும். ஈராக் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. புஷ்ஷுக்கும் கெர்ரிக்கும் போட்டி. அந்த முறை வாசல் கணிப்பில் 'அறநெறி மதிப்பீடுகள்' என்று சொன்னவர்கள் 22 விழுக்காடு; அதுதான் முதலிடம். பொருளாதாரமும் வேலைவாய்ப்பும் 20, பயங்கரவாதம் 19, ஈராக் 15. கவனியுங்கள்: பயங்கரவாதத்தையும் ஈராக்கையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தால் 34 வந்திருக்கும். கேள்வித்தாளை எப்படி வகுத்தார்கள் என்பதும் முதலிடத்தைத் தீர்மானித்தது. ஆனாலும் அறநெறிக்காக வாக்களித்த கூட்டம் பெரிய கூட்டம்தான். அதே நாளில் 11 மாநிலங்களில் ஒருபால் திருமணத்தைத் தடை செய்யும் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன, பதினொன்றும் வென்றன.

அந்த வாக்காளர்களுக்குக் கிடைத்தது என்ன? திருமணத்தைக் காக்க சாசனத் திருத்தம் கொண்டுவருவோம் என்று புஷ் சொல்லியிருந்தார். 2006-இல் அது செனட்டிலேயே முடங்கியது. 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியை நியமித்தவர் ரீகன், புஷ்ஷின் அதே குடியரசுக் கட்சிக்காரர்.

அப்படியானால் 2004-இல் அவர்கள் போட்ட வாக்கு வீணா? இல்லை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இரண்டாம் முறை பதவியேற்ற புஷ் உச்ச நீதிமன்றத்துக்கு ராபர்ட்ஸையும் அலிட்டோவையும் நியமித்தார். 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்பு உரிமையை 1973 முதல் காத்துவந்த ரோ வழக்கின் தீர்ப்பை ரத்து செய்து எழுதியவர் அலிட்டோ. அதற்கான பெரும்பான்மையை நிறைவு செய்தவர்கள் ட்ரம்ப் தன் முதல் ஆட்சியில் நியமித்த மூன்று நீதிபதிகள். அதாவது 2004-இல் விதைத்தது 18 ஆண்டு கழித்து விளைந்தது.

ஆகவே, சமூகப் பிரச்சினையில் அதிபரால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீதிபதிகள் வழியாக அவர் கை நீளும், மெதுவாக நீளும், சில சமயம் எதிர்பாராத பக்கம் திரும்பும். ரோ தீர்ப்பை எழுதிய பிளாக்மன் நிக்சன் நியமித்தவர். அதற்கு எதிராகத் தனித் தீர்ப்பு எழுதிய ரென்குவிஸ்டும் நிக்சன் நியமித்தவர்தான்.

1964: ஒரே வாக்கு, இரண்டு விளைவு

இனி 1964-க்கு வருவோம். அப்போதைய அதிபர் ஜான்சனுக்கும் கோல்ட்வாட்டருக்கும் போட்டி. அந்த ஆண்டு ஜூலையில் ஜான்சன் கையெழுத்திட்ட குடிமை உரிமைகள் சட்டம் உணவகத்திலும் விடுதியிலும் வேலையிலும் நிறப் பாகுபாட்டைத் தடை செய்தது. கோல்ட்வாட்டர் செனட்டில் அதை எதிர்த்து வாக்களித்தவர். வெளியுறவிலும் அவர் பேச்சு அச்சமூட்டியது. ஆசிய இளைஞர்கள் செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்க இளைஞர்களை அனுப்ப மாட்டேன் என்று ஜான்சன் மேடையில் சொன்னார். சமூக நீதி வேண்டும், அமைதியும் வேண்டும் என்று நினைத்த வாக்காளருக்கு இதைவிடச் சுலபமான தேர்தல் கிடையாது. ஜான்சன் 61 விழுக்காடு வாக்கும் 44 மாநிலங்களும் பெற்று வென்றார்.

1965 மார்ச்சில் அமெரிக்க மரைன் படையினர் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். 1968-இல் அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். போர் முடிந்தபோது 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டிருந்தார்கள். வியட்நாமியர் பல லட்சம் பேர். அதே ஜான்சன் 1965-இல் முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டையும், கறுப்பின மக்களின் வாக்குரிமையை உறுதிசெய்யும் சட்டத்தையும் தந்தார். போரும் இந்தச் சட்டங்களும் ஒரே வாக்கில் வந்தவை.

இதைப் பிரித்துப் பார்க்க முடியுமா என்று சோதித்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தார். ஏழைகளுக்கான திட்டங்களில் துளிர்த்த நம்பிக்கையைப் போர் விழுங்கிவிட்டது. உள்நாட்டில் சமமாக நடத்தப்படாத கறுப்பின இளைஞன் வெளிநாட்டில் அளவுக்கு மீறிச் சாகிறான் என்பது அவர் வாதம். உடனே நாலாபுறமும் கண்டனம். பெரிய பத்திரிகைகள் தலையங்கம் எழுதித் திட்டின. கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பான என்ஏஏசிபி-கூட, குடிமை உரிமை இயக்கத்தையும் அமைதி இயக்கத்தையும் கலப்பது உத்தியில் தவறு என்று தீர்மானம் போட்டது. சமூகப் பிரச்சினை வேறு, வெளியுறவு வேறு, ஒன்றோடொன்றைச் சேர்க்காதீர்கள் என்று அன்று சொன்னவர்கள் எதிரிகள் மட்டும் இல்லை, தோழர்களும்தான்.

கிங் சொன்னது கணக்கு. இரண்டுக்கும் பணம் ஒரே கஜானாவிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் ஆள் ஒரே தெருவிலிருந்து போகிறான். தராசில் இரண்டு தட்டு இருக்கலாம். அவை தொங்குவது ஒரே கோலில்.

1964-இல் ஜான்சனுக்கு வாக்களித்தவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. எதிரில் நின்றவர் இரண்டிலும் மோசமாகத் தெரிந்தார். பிழை வேறிடத்தில் இருந்தது. வியட்நாமில் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் அந்த ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 416-க்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. செனட்டில் எதிர்த்தவர்கள் மோர்ஸ், குருனிங் என்ற இருவர் மட்டும். அதிபருக்கு அந்த வெற்றுக் காசோலையைக் கொடுத்த உறுப்பினர்களைத் தொகுதியில் யாரும் கேள்வி கேட்கவில்லை. தேர்தல் வந்தபோது வேறு பிரச்சினைகளைப் பேசினார்கள்.

வாக்குறுதியின் மதிப்பு

இன்னொரு சங்கடம் உண்டு. வெளியுறவில் வேட்பாளர் சொல்வதை வைத்து அவர் செய்யப்போவதைக் கணிப்பது கடினம். 1960 விவாதங்களில் கென்னடியும் நிக்சனும் சீனக் கரையோரத்தில் உள்ள கிமோய், மட்சு என்ற இரண்டு சின்னத் தீவுகளைப் பற்றி கடுமையாக மோதினார்கள். கென்னடி பதவிக்கு வந்தபின் அந்தத் தீவுகள் அவருடைய பெரிய சோதனையாக இருக்கவில்லை. அவர் முன்னால் வந்து நின்றவை கியூபாவில் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு, பெர்லின் சுவர், மறுபடி கியூபாவில் அணு ஏவுகணைகள். 2000 அக்டோபர் விவாதத்தில் புஷ், அமெரிக்கா உலகத்தின் முன் அடக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும், பிற நாடுகளைக் கட்டியெழுப்பும் வேலைக்கு நம் படையை அனுப்பக் கூடாது என்றார். மூன்று ஆண்டுக்குள் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் படை இருந்தது.

சமூகப் பிரச்சினையில் இப்படி நடப்பது அரிது. எந்தக் கட்சி அதிபர் எந்த மாதிரி நீதிபதியை நியமிப்பார் என்பது இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். 2016-இல் ட்ரம்ப் தன் பட்டியலையே தேர்தலுக்கு முன் வெளியிட்டார்.

ஆக, இப்படி ஒரு விசித்திரமான நிலைமை. அதிபருக்குக் கை கட்டப்பட்டிருக்கும் விஷயத்தில் அவர் வாக்குறுதியை நம்பலாம். கை அவிழ்த்துவிடப்பட்டிருக்கும் விஷயத்தில் அவர் வாக்குறுதியை நம்ப முடியாது. இதற்கு என்ன செய்வது? என் பதில் சுருக்கமானது. சமூகப் பிரச்சினைக்குக் கட்சியைப் பாருங்கள். வெளியுறவுக்கு ஆளைப் பாருங்கள். நெருக்கடியில் அவர் யாரைக் கேட்பார், மாற்றுக் கருத்தைக் காதில் வாங்குவாரா, முன்பு ஒரு போர் வாக்கெடுப்புக்கு வந்தபோது எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள். அவர் கொள்கை அறிக்கையைவிட இவை அதிகம் சொல்லும்.

ஆளைப் பார்க்கச் சிறந்த இடம் கட்சிக்குள் நடக்கும் பிரைமரித் தேர்தல். 2008-இல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதியபோது சமூகப் பிரச்சினைகளில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஒருபால் திருமணத்தைக்கூட அன்று இருவருமே ஆதரிக்கவில்லை. ஒபாமா தன் நிலையை மாற்றிக்கொண்டது 2012-இல், சமூகம் ஓரளவு மாறிய பின்பு. ஆனால் ஈராக்கில் வேறுபாடு தெளிவாக இருந்தது. ஹிலாரி 2002-இல் செனட்டில் போருக்கு ஆதரவாக வாக்களித்திருந்தார். அதே ஆண்டு ஒபாமா சிகாகோவில் அதை எதிர்த்துப் பேசியிருந்தார். ஜனநாயகக் கட்சி வாக்காளர் தன் சமூகக் கொள்கையில் ஒன்றையும் விட்டுக்கொடுக்காமலே வெளியுறவுக்கு முழு எடை கொடுக்க முடிந்த தேர்தல் அது. பிரைமரிக்குப் போகாமல் நவம்பரில் மட்டும் வாக்களிப்பவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இரண்டும் ஒன்றாகும் இடங்கள்

இதுவரை இரண்டையும் தனித்தனியாகப் பேசினேன். பல நேரங்களில் அவை ஒன்றேதான். 1961-இல் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் போன ஆப்பிரிக்கத் தூதர்களுக்கு, மேரிலாந்து மாநிலத்தின் 40-ஆம் எண் நெடுஞ்சாலை உணவகங்களில் சாப்பாடு தர மறுத்தார்கள். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் சோவியத் பக்கம் போய்விடுமே என்று வெளியுறவுத் துறை பதறியது. 1952-லேயே, பள்ளிகளில் நிறப் பிரிவினை பற்றிய பிரவுன் வழக்கில், இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது என்று அமெரிக்க அரசே உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

எதிர்த்திசையிலும் நடக்கும். 1984-இல் ரீகன் அரசு மெக்சிகோ நகர மக்கள்தொகை மாநாட்டில் ஒரு விதியை அறிவித்தது. அமெரிக்கக் குடும்பநல உதவி பெறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள், தங்கள் சொந்தப் பணத்தில்கூடக் கருக்கலைப்பு செய்யவோ அதற்காகக் குரல் கொடுக்கவோ கூடாது. கிளின்டன் அதை நீக்கினார், புஷ் கொண்டுவந்தார், ஒபாமா நீக்கினார், ட்ரம்ப் கொண்டுவந்தார், பைடன் நீக்கினார், 2025 ஜனவரியில் மீண்டும் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு சமூகப் பிரச்சினைக்காகப் போட்ட வாக்கு, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள கிளினிக்குகளின் கதவைத் திறக்கிறது, மூடுகிறது.

வெளியுறவு என்றால் போர் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 2003 ஜனவரியில் புஷ் காங்கிரஸில் ஆற்றிய உரையில் ஈராக் போருக்கான வாதம் இருந்தது. அதே உரையில், ஆப்பிரிக்காவிலும் கரீபியன் நாடுகளிலும் எய்ட்ஸை எதிர்க்க ஐந்து ஆண்டில் 1,500 கோடி டாலர் என்ற அறிவிப்பும் இருந்தது. அந்தத் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்தது என்பது அமெரிக்க அரசின் கணக்கு.

மிசௌரியும் மிச்சிகனும்

கடைசியாக 2024-க்குத் திரும்புகிறேன். அந்த நவம்பரில் மிசௌரி மாநில மக்கள் கருக்கலைப்பு உரிமையைத் தங்கள் மாநில சாசனத்தில் சேர்க்க வாக்களித்தார்கள். அதே மக்கள், அதே நாளில், 58 விழுக்காட்டுக்கு மேல் ட்ரம்புக்கு வாக்களித்தார்கள். அரிசோனாவிலும் இப்படியே நடந்தது. ஒரு சமூகப் பிரச்சினைக்கு மாநிலத்தில் தனி வாக்கெடுப்பு உண்டு, தனி ஆளுநர் உண்டு, தனி நீதிமன்றம் உண்டு. எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் 57 விழுக்காடு ஆதரவு இருந்தும், 60 வேண்டும் என்ற விதியால் தோற்றது. டெக்சாஸில் குடிமக்கள் மனு போட்டு இப்படி வாக்கெடுப்பு கொண்டுவரவே வழியில்லை. அங்கே வாழும் பெண்ணுக்கு அதிபர் தேர்தலில் உச்ச நீதிமன்றம் கனமான விஷயம்தான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மிச்சிகனில் வேறு கதை. பிப்ரவரியில் நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், காசா போரில் பைடனின் நிலைப்பாட்டை எதிர்த்து, 'யாருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற கட்டத்தில் வாக்களித்தார்கள். நவம்பரில், அரபு அமெரிக்கர்கள் நிறைந்த டியர்போர்ன் நகரில், பைடனுக்குப் பதில் நின்ற கமலா ஹாரிஸை முந்தி ட்ரம்ப் முதலிடம் பெற்றார். அவர்களுக்கு வெளியுறவு என்பது உறவினர் வீட்டுச் செய்தி. அந்த நவம்பர் முடிவோடு நான் உடன்படுகிறேனா இல்லையா என்பது முக்கியமில்லை. காசாவுக்காக மாநிலத்தில் கேட்க ஒரு வாக்கெடுப்பு இல்லை, ஓர் ஆளுநர் இல்லை. கேட்க இருந்த பெரிய கதவு அதிபர் பதவி ஒன்றுதான்.

எனவே என் முடிவு இது. சமூகப் பிரச்சினைக்குக் கொடுக்கும் எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதற்குப் பல கதவுகள் இருப்பதால் எல்லாக் கதவையும் தட்டுங்கள் என்கிறேன். வெளியுறவுக்கு அதிபரைத் தவிர இருக்கும் ஒரே கதவு காங்கிரஸ். அது எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பாதி சாத்தியே கிடக்கிறது. ஒப்பந்தத்திலிருந்து ஓர் அதிபர் விலகினால் அடுத்தவர் திரும்பச் சேரலாம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் அதைப் பார்த்தோம். சட்டத்தைத் திருத்தலாம், தீர்ப்பைக்கூட மாற்றலாம். போரில் செத்தவரை மீட்க எந்தத் தேர்தலாலும் முடியாது. நூற்றுக்கு நான்கு என்பது வெளியுறவுக்கு உரிய எடை ஆகாது.

அங்கே வாக்குள்ள உங்கள் பிள்ளைகள் பிரைமரிக் காலத்தில் வேட்பாளர் கூட்டத்துக்குப் போனால், கருக்கலைப்பைப் பற்றியும் குடியேற்றத்தைப் பற்றியும் தாராளமாகக் கேட்கட்டும். கூடவே இதையும் கேட்கச் சொல்லுங்கள்: ''நீங்கள் அனுப்பிய படை திரும்பவில்லை, காங்கிரஸ் ஒப்புதல் தரவில்லை, அறுபது நாள் முடிந்துவிட்டது. அறுபத்தோராம் நாள் காலையில் என்ன செய்வீர்கள்?'' காங்கிரஸுக்கு நிற்கும் வேட்பாளர் வந்தால் அவரையும் இதே கேள்வியால் மடக்கட்டும்.